நாலரைப் பேர்

பின்னப் பெருக்கலை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். கணிதப் பணித்தியத்துக்கு, அதாவது பள்ளியின் கணித ஆசிரியர் குழுவுக்கு, புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அது உதவியாக இருக்குமாம். தொகுதியைத் தொகுதியோடு பெருக்கு, பகுதியைப் பகுதியோடு பெருக்கு, சுருக்க முடிந்தால் சுருக்கு. முடிந்தது. இதற்கு மேல் தெரிய வேண்டியதெல்லாம் பாடநூலில் இருக்கிறது. படம் போட்டு, வண்ணம் பூசி, என்னைவிட நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள்.

பாடநூலில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். பிரச்சனைக் கணக்குக்கு விடையாக ஒரு பிள்ளை 'நாலரைப் பேர்' என்று எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிவப்புப் பேனாவை எடுப்பீர்கள். மறுக்காதீர்கள். எனக்கும் அந்தக் கை அரிப்பு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு மளிகைக்கடை விலைப்பலகையில்கூடத் திருத்தம் போடத் தோன்றுகிறது.

நான் கடைசியாக வேலை செய்த பள்ளி, மலாக்கா பட்டணத்தை விட்டுச் சற்றே வெளியே இருக்கிறது. தோட்டத்துப் பள்ளியாக ஆரம்பித்தது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, பள்ளி மட்டும் அப்படியே நிற்கிறது. புக்கிட் காத்தில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து சில பிள்ளைகள், மிச்சமிருக்கும் தோட்டங்களிலிருந்து வேனில் சிலர். பெற்றோரில் பலர் செங் வட்டாரத் தொழிற்சாலைகளில் மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவர்கள். அந்த வருடம் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பதினைந்து பிள்ளைகள். பெரிய பள்ளியில் இருப்பவர்கள் சிரிக்கலாம். பதினைந்து பேரைச் சமாளித்துப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

பின்னம் என்றாலே பயிற்சி நூல்களில் எல்லாரும் கேக் வெட்டுகிறார்கள், இல்லையென்றால் பீட்சா சாப்பிடுகிறார்கள். நம் பிள்ளைகள் பீட்சாவைப் பின்னப் பாடத்தில் பார்த்த அளவுக்குக் கடையில் பார்த்ததில்லை. முன்பு ஒரு மாணவன் இருந்தான். உணவைப் பங்கிடும் கணக்கு வந்தால் மட்டும் தவறாகச் செய்வான். கயிறு, துணி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சரியாக வரும். மூன்று பேருக்குச் சமமாகக் கொடு என்றால் நான்காகப் பங்கு போடுவான். கேட்டால், ஒரு பங்கு முனியாண்டி சாமிக்காம். அவன் வீட்டில் எதைச் செய்தாலும் முதல் பங்கைப் பின்வாசலில் சாமிக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அவன் கணக்கில் தவறே இல்லை. கேள்வி போட்டவர்தான் சாமியை மறந்துவிட்டார்.

அதன் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கணிதப் பாடத்தில் பயிற்சி நூலை மூடிவிடுவோம். பிள்ளைகளே பிரச்சனைக் கணக்கு எழுத வேண்டும். ஒரே ஒரு சட்டம்தான்: நீ எண்ணிப் பார்க்காததை எழுதாதே. பள்ளிச் செடிகளில் எத்தனை பூத்திருக்கின்றன, வேனில் எத்தனை பேர் தூங்குகிறார்கள், எதுவானாலும் போய் எண்ணிக்கொண்டு வந்து எழுது. நான் முன்கூட்டியே பார்க்க மாட்டேன். யாராவது ஒருவர் வெண்பலகையில் எழுதுவார், எல்லாரும் சேர்ந்து செய்வோம். சில நேரம் அசட்டுத்தனமாக இருக்கும். ஒருவன் தலைமையாசிரியர் காலைச் சபைகூடலில் எத்தனை முறை இருமினார் என்று கணக்கு எழுதினான். அதையும் செய்தோம்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி பாடம் கண்காணிக்க வந்திருந்தார். நம்மவர்தான், நல்ல மனிதர், கொஞ்சம் வேடிக்கையாகப் பேசுவார். கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஆசிரியை ஒருத்தி. உங்கள் வயதுதான் இருக்கும். அதிகாரி வருகிறார் என்று பயிற்சி நூலுக்குத் திரும்பும் எண்ணம் எனக்கு வரவில்லை. விருந்தாளிக்காகச் சமையலை மாற்றினால் உப்பு கூடிவிடும்.

ரூபிணியைக் கூப்பிட்டேன். ஒல்லியான பெண். எதையும் இருமுறை எண்ணுவாள், பொய் சொல்லத் தெரியாது. பலகையில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

'எங்கள் வகுப்பில் 15 மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 3/5 பகுதியினர் வேனில் வருகிறார்கள். வேனில் வருபவர்களில் 1/2 பகுதியினர் காலையில் பள்ளி உணவு சாப்பிடுகிறார்கள். அப்படியானால், வேனில் வந்து பள்ளி உணவு சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்?'

பள்ளி உணவு என்றால், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் இலவச உணவு. பட்டியலில் பெயர் இருக்கும் பிள்ளைகள் வகுப்பு தொடங்குவதற்கு முன் கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நாசி லெமாக், நாசி கோரேங், ஒரு வாழைப்பழம், அப்படி ஏதாவது.

வகுப்பு வேலையில் இறங்கியது. பாதியை ஐந்தில் மூன்றால் பெருக்கினால் பத்தில் மூன்று. பெருக்கினால் எண் சிறியதாகிறதே என்று முதல் வாரம் அதிர்ந்து போன பிள்ளைகள் இப்போது அலட்டிக்கொள்ளாமல் செய்தார்கள். பதினைந்தில் பத்தில் மூன்று பங்கு, நாலரை. ரூபிணி கூச்சமில்லாமல் எழுதினாள்: 4 1/2 பேர்.

வகுப்பு சிரித்தது. "அரை ஆளுக்குத் தலை இருக்குமா, காலு இருக்குமா?" என்று ஒருவன் கேட்டான். பயிற்சி ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. பூனை போல் நடந்து என்னிடம் வந்து, "டீச்சர், பதினஞ்ச இருபதுன்னு மாத்திட்டா ஆறு பேர் வந்துரும். நான் அழிச்சிட்டு எழுதட்டுமா?" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். பெருக்கல் வேகமாகத்தான் போட்டிருக்கிறாள், அதையும் பாராட்ட வேண்டும். ஆனால் எங்கள் வகுப்பில் இருபது பேர் இல்லை.

நான் ரூபிணியிடம், "எண்ணினியா?" என்று மட்டும் கேட்டேன்.

"எண்ணினேன் டீச்சர். திங்கக்கிழமையும் எண்ணினேன், நேத்தும் எண்ணினேன். நாலரைதான்."

பின்னாலிருந்து அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்: "சரிம்மா, வேன்ல வர்றது ஒம்பது பேரு, அதுல நாலரைப் பேரு சாப்புடுறாங்க. யாரும்மா அந்த அரை? மீதி அரை எங்க போச்சு?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். ரூபிணி சிரிக்கவில்லை. அவள் கண் தானாகவே ஜன்னலோரம் போனது. அங்கே ஹேமா உட்கார்ந்திருந்தாள். வேனில் வராத பெண், அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். ஹேமா மேசை மேல் குனிந்து அழிப்பானை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் கேண்டீன் மூலையில் ரூபிணியும் ஹேமாவும் ஒரே பெஞ்சில், எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். பட்டியலில் இருப்பது ரூபிணி பெயர் மட்டும். அந்த அரை ஆள் ரூபிணிதான். மீதி அரைத் தட்டு ஹேமாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு அந்த உணவு போகக் கூடாது என்பது விதி. விதி தெரிந்த அதிகாரி பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி கேட்டாகிவிட்டது. ரூபிணி வாயைத் திறந்தால் உண்மைதான் வரும். வந்தால் ஹேமா வீட்டில் காலைச் சாப்பாடு இல்லை என்பது பதினாலு பிள்ளைகளுக்கும் தெரிந்துபோகும். திங்கட்கிழமையிலிருந்து யாராவது பக்கத்தில் நின்று ரூபிணியை முழுத் தட்டையும் சாப்பிட வைப்பார்கள். ஹேமாவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த அந்த அரையும் போய்விடும். கணக்கைத் தவறு என்று சொல்லி உட்கார வைத்தால் எல்லாம் மூடிப்போகும். ஆனால் சரியாக எண்ணிய பிள்ளையை என் வாயால் தவறு என்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் இருந்த ஒரே சட்டத்தை நானே உடைக்க வேண்டும்.

எனக்கு வியர்த்துவிட்டது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

"ரூபிணி," என்றேன், "நீ எண்ணுனது ஆளையா, தட்டையா?"

அவள் என்னைப் பார்த்தாள். யோசித்தாள். "தட்டத்தான் டீச்சர் எண்ணினேன்."

"அப்ப எத எண்ணுனியோ அத எழுது."

அழிப்பானை எடுத்து 'பேர்' என்ற சொல்லை அழித்துவிட்டு 'தட்டு' என்று எழுதினாள். 4 1/2 தட்டு. கேள்வியையும் 'எத்தனை தட்டு உணவு?' என்று மாற்றினாள். நான் அதிகாரி பக்கம் திரும்பினேன். "ஆளப் பாதியாக்க முடியாது சார். தட்ட ஆக்கலாம். விடை வந்ததும் அது எதோட எண்ணிக்கைன்னு பாக்கணும், அதுதான் இன்னிக்குப் பாடம்." முதல் பகுதி உண்மை. இன்றைய பாடம் அதுதான் என்பது அந்த நிமிடத்தில் பிறந்தது.

அதிகாரி தலையாட்டினார். எழுதிக்கொண்டார். அப்பாடா என்று நினைத்தேன். அவர் பேனாவை நிறுத்தி, "அப்ப தெனமும் அரைத் தட்டுச் சாப்பாடு மிச்சம் ஆகுதா? வீணாகுதா டீச்சர்?" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வீணாகிறது என்று அறிக்கையில் ஒரு வரி வந்தால், கொடுக்கும் அளவைக் குறைக்கச் சொல்வார்கள்.

"வீணாகல சார்!" என்றாள் ரூபிணி. குரல் உயர்ந்துவிட்டது. அதற்கு மேல் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், பொய்யும் வராது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், அது அடுத்த கணக்கு லா," என்றேன். "மீதி அரைய நாங்க இன்னும் எண்ணி முடிக்கல. முடிச்சிட்டு எழுதுறோம்."

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு ரூபிணியைப் பார்த்தார். ஜன்னலோரம் பார்த்தாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பாடம் முடிந்து, நடைபாதையில் என்னோடு வந்தவர் வேடிக்கைப் பேச்சு எதுவும் பேசவில்லை. காரில் ஏறும்போது, "அறிக்கையில தட்டுன்னே எழுதிக்கிறேன் டீச்சர். வீணாகுதுன்னு எழுதல. நீங்க அந்த மீதிய சீக்கிரம் எண்ணி முடிங்க," என்றார். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும்.

ஓய்வு நேரத்தில் ரூபிணியை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, தானாகவே கொட்டினாள். ஹேமாவின் அப்பா சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலைக் குத்தகை வேலை பார்த்தவர். பட்டியல் எழுதிய நேரத்தில் ஓவர்டைம் சேர்ந்து நல்ல சம்பளம், அதனால் ஹேமா பெயர் சேரவில்லை. பிறகு குத்தகை முடிந்து வேலை போய்விட்டது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

"ஒனக்கு அரைத் தட்டு போதுமா?" என்று கேட்டேன். போதும் டீச்சர் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். கதைகளில் பிள்ளைகள் அப்படித்தானே சொல்கிறார்கள்.

"பத்தல டீச்சர்," என்றாள். "ரெண்டாவது பாடத்துலயே பசிச்சிரும். அவளுக்கும் பசிக்கும்."

பின்னப் பெருக்கல் நடத்தும்போது, எதையும் பாதியால் பெருக்கினால் குறையும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். குறைந்தது இந்த இரண்டு வயிறுகளில்.

தலைமையாசிரியரிடம் பேசினேன். பட்டியலில் இருந்த ஒரு பிள்ளை செங் பக்கம் வேறு பள்ளிக்கு மாறிப் போனதில் ஓர் இடம் காலி, பெற்றோர் விண்ணப்பித்தால் சேர்க்கலாம் என்றார். ஹேமாவின் பெற்றோர்தான் விண்ணப்பிக்க மாட்டார்களே. நடுவில் வந்த சில நாட்களுக்குக் கேண்டீன் அக்காவிடம் ஒரு தட்டு கூடுதலாகப் போடச் சொன்னேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

ஹேமாவின் அப்பா பள்ளி விடும் நேரத்தில் மோட்டாரோடு வாசலில் நிற்பார். ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார், யாரோடும் பேச நேரக் கூடாது என்று. ஹேமாவைப் புத்தகப் பையை எடுத்துவர அனுப்பிவிட்டு அவரிடம் போனேன். பட்டியலில் இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"வேணாம் டீச்சர்," என்றார் உடனே. "இன்னும் கொஞ்ச நாள்ல வேற கெர்ஜா கெடச்சிரும். நாங்க யாருகிட்டயும் கை நீட்டுனதில்ல. என் மகளும் நீட்ட மாட்டா."

இந்த இடத்தில் உங்களில் பலர் அறிவுரை சொல்வீர்கள். பிள்ளையின் எதிர்காலம், சத்துணவு, கவனக்குறைவு என்று அடுக்குவீர்கள். அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டுவிட்டு, மோட்டாரை முடுக்கிப் போய்விடுவார். அவர் சொன்னதில் எது உண்மை, எது உண்மை இல்லை என்று மட்டும் பார்த்தேன். பிரச்சனைக் கணக்கில் நாம் செய்வதும் அதுதான்.

"தம்பி," என்றேன், "நீங்க கை நீட்டல, சரி. ஹேமா தெனமும் காலையில சாப்புடுறா. அரைத் தட்டு. அது அவ தோழியோட தட்டு. அந்தப் பொண்ணு மீதி அரையோட ரெண்டாவது பாடத்துல பசியா ஒக்காந்திருக்கு. அதுவும் பத்து பதினோரு வயசுப் பொண்ணுதான். அதோட அப்பாவும் செங்ல ஷிப்ட் வேல செய்யிறவருதான்."

"யாரு சொன்னா?" என்றார். குரல் கடுமையாக இருந்தது. "ஹேமாவா சொன்னா?"

"ஹேமா வாயத் தொறக்கல. அந்தப் பொண்ணும் வகுப்புல ஒங்க மகளக் காட்டிக் குடுக்கல. நானா கணக்குப் போட்டேன்."

ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் நினைத்ததைவிட இளையவர். தூங்காத கண். மோட்டார் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பொண்ணோட சாப்பாடா?" என்றார் கடைசியில். "சின்னப் பிள்ளகிட்டயிருந்தா டீச்சர்?"

"ஆமா தம்பி."

"எங்க கையெழுத்துப் போடணும்?"

மோட்டார் இருக்கைமேல் விண்ணப்பப் பாரத்தை வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார். ஹேமா பையோடு வந்ததும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, "ஏறு," என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு இடது கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்ததைப் பார்த்தேன்.

நடந்ததைக் கேட்ட பயிற்சி ஆசிரியை அன்று மாலை என்னிடம், "டீச்சர், நான் இருபதுன்னு மாத்தியிருந்தா?" என்றாள். ஆறு பேர் என்று விடை வந்திருக்கும். அதிகாரி நல்ல பாடம் என்று எழுதியிருப்பார். இரண்டு பெண்களும் வருடக் கடைசி வரை ஒரே தட்டில் சாப்பிட்டிருப்பார்கள். இதை அவளிடம் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தால் அவளே கணக்குப் போட்டுவிட்டது தெரிந்தது.

இப்படிச் சொல்வதால், தவறான விடைக்கெல்லாம் பின்னால் ஒரு கதை இருக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலான தவறுக்குக் காரணம் வாய்ப்பாடு தெரியாததுதான். ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று எழுதினால் தயங்காமல் சிவப்புப் பேனாவை எடுங்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்று. வழிமுறை சரியாக இருந்து, பிள்ளையும் அடித்துச் சொல்லி, விடை மட்டும் அபத்தமாக வந்தால், எண்ணை மாற்றாதீர்கள். எண்ணினாயா என்று கேளுங்கள். அப்புறம், அந்தப் பதிலைப் பத்துப் பேர் முன்னால் கேட்கலாமா, தனியாகக் கேட்க வேண்டுமா என்று ஒரு நொடி யோசியுங்கள். அந்த ஒரு நொடி கிடைக்காது என்று நினைப்பீர்கள். எடுத்துக்கொண்டால் கிடைக்கும்.

விண்ணப்பம் முடிந்து ஹேமா பெயர் பட்டியலில் ஏறியது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ரூபிணி கூப்பிடாமலே எழுந்து பலகைக்குப் போனாள். அதே கணக்கு. பதினைந்து மாணவர்கள், ஐந்தில் மூன்று பகுதியினர் வேனில் வருகிறார்கள். அடுத்த வரி மட்டும் மாறியிருந்தது: வேனில் வருபவர்களில் 5/9 பகுதியினர் காலையில் பள்ளி உணவு சாப்பிடுகிறார்கள். ஐந்தும் ஐந்தும் அடிபட்டது, மூன்றும் ஒன்பதும் சுருங்கி மூன்றில் ஒன்று ஆனது. பதினைந்தில் மூன்றில் ஒன்று, ஐந்து.

ஐந்து என்று எழுதிவிட்டுப் பேனாவைப் பலகையிலிருந்து எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப 'பேர்'னு எழுதலாம்ல டீச்சர்?"